கொதிகலனுக்கு இருந்த காவல்

(பொதுக்கூட்டத்தில் ரசாயனச் சோதனைச்சாலை ஊழியர்கள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரசாயனச் சோதனைச்சாலையில் வேலை செய்கிற எங்களை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வது அபூர்வம். எங்கள் வேலை பேசுவதல்ல. நிறுப்பது, கரைப்பது, அளப்பது, அளந்ததை எழுதி வைப்பது. எழுதிய காகிதம் அப்புறம் எங்கே போகிறது, அதை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் மேஜைக்கு அப்பால் நடக்கிற காரியம். அந்த அப்பாலைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறோம். விஷயம், குழந்தை உணவில் கலந்து வரும் ஆர்சனிக்.

ஆர்சனிக் என்றதும் ஏதோ அன்னிய தேசத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார் 'பாஷாணம்' என்று சொல்லிப் பயந்தார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக்கின் ஆக்ஸைடு. பாலில் கலந்தால் நிறம் மாறாது, மணம் வராது, நாக்கும் காட்டிக் கொடுக்காது. எந்தத் தாயும் தன் கண்ணாலோ மூக்காலோ அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. அதனால்தான் இது சோதனைச்சாலையின் பொறுப்பாகிறது. தாய் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் போதாத இடம் இது.

இனி, நடந்த சம்பவத்துக்கு வருவோம்.

1955-ம் வருஷக் கோடைகாலம். ஜப்பானின் மேற்குப் பகுதியில் கைக்குழந்தைகள் வரிசையாக நோயில் விழுந்தன. காய்ச்சல் விடவில்லை. வயிற்றுப் போக்கு நிற்கவில்லை. வயிறு உப்பியது, ஈரல் வீங்கியது, ரத்தம் சோகை பிடித்தது, சருமம் கறுத்தது. கோடையில் குழந்தைகளுக்கு வருகிற கோளாறுதான் என்று முதலில் பல இடங்களில் எண்ணினார்கள். பெற்ற தாய் என்ன செய்வாள்? பிள்ளை இளைக்கிறதே, தெம்பு வரட்டும் என்று டப்பாவைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி பால்மாவைக் கரைத்து ஊட்டினாள். ஊட்ட ஊட்ட நோய் முற்றியது.

ஒகயாமா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்தியப் பிரிவில் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. நோயோடு வருகிற குழந்தைகள் புட்டிப்பால் குடிக்கிறவை. அதிலும் ஒரே கம்பெனியின் பால்மாவைக் குடிக்கிறவை. மொரிநாகா என்ற பெரிய கம்பெனியின் மாவு அது. டொகுஷிமா என்ற ஊரிலிருந்த அதன் தொழிற்சாலையில் தயாரானது. மாவைச் சோதித்தார்கள். ஆகஸ்டு 24-ம் தேதி முடிவு வெளியாயிற்று: பால்மாவில் ஆர்சனிக் இருக்கிறது.

பசுவின் மடியிலிருந்து வந்ததா இந்த விஷம்? இல்லை. பாலின் புளிப்பைத் தணித்து, மாவு வெந்நீரில் கட்டி தட்டாமல் கரைவதற்காக அந்தத் தொழிற்சாலையில் சோடியம் பாஸ்பேட் என்ற உப்பைச் சேர்த்து வந்தார்கள். சுத்தமான உப்பானால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்த சரக்கு சுத்தமானதல்ல. பாக்ஸைட் மண்ணிலிருந்து அலுமினியம் எடுக்கிற ஆலையில் கழிவாக மிஞ்சிய பொருள் அது. அந்தக் கழிவு வியாபாரி கையிலிருந்து வியாபாரி கைக்கு மாறியது. வழியில் ஓரளவு பக்குவப்படுத்தி, புதுப் பெயரும் கொடுத்தார்கள். கடைசியில் அது பால்மாவுத் தொழிற்சாலைக்குச் சோடியம் பாஸ்பேட்டாக வந்து இறங்கியது. மூட்டையின் மேல் பெயர் சரியாக இருந்தது. மூட்டைக்குள் ஆர்சனிக் இருந்தது. அங்கே யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதிக்க வழி தெரியாத காலமா அது? இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயனி ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் முறையை 1836-ல் வெளியிட்டுவிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, வருகிற வாயுவைச் சுடவைத்தால், ஆர்சனிக் இருந்தால் கண்ணாடிக் குழாயில் கருப்பாகப் படியும். கொலை வழக்குகளில் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்ட சோதனை அது. ஜப்பானியக் குழந்தைகள் நோயில் விழுந்தபோது அந்தச் சோதனைக்கு 119 வயது! அதிலிருந்து வளர்ந்த எளிய முறைகளும் இருந்தன. ரசாயனத் தாளில் விழும் மஞ்சள் கறையைப் பார்த்தே அளவை மதிப்பிடலாம். கல்லூரி மாணவன் செய்யக்கூடிய வேலை.

இதைவிட நெஞ்சை அறுக்கிற செய்தி ஒன்று உண்டு. இதே ரகச் சரக்கு ஜப்பானிய ரயில்வேக்கும் போயிற்று. ரயில் என்ஜினின் கொதிகலனைக் கழுவுவதற்காக அதை வாங்கினார்கள். ரயில்வேக்காரர்கள் வழக்கப்படி சரக்கைச் சோதித்தார்கள். சரக்கு சரியில்லை என்று கண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரும்புக் கொதிகலனைக் கழுவ லாயக்கில்லை என்று தள்ளிய பொருள், பிஞ்சுக் குழந்தையின் குடலுக்குள் போயிற்று. ரயில்வே ஊழியர்கள் அதிகப்படியாக ஒன்றும் செய்துவிடவில்லை. உள்ளே வருகிற சரக்கைச் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது என்ற சாதாரண விதியை அனுசரித்தார்கள், அவ்வளவுதான். கொதிகலனுக்கு அந்தக் காவல் இருந்தது. குழந்தைக்கு இல்லை.

1956 ஜூன் மாதம் வரை எடுத்த சர்க்கார் கணக்கின்படி, பாதிக்கப்பட்ட குழந்தைகள் 12,131. இறந்தவை 130.

பதினாலு வருஷ மௌனம்

விஷம் கண்டுபிடிக்கப்பட்டதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். 1955 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி நஷ்டஈடு பற்றி அபிப்பிராயம் சொல்லிற்று. பின்விளைவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. இறந்த குழந்தைக்கு 250,000 யென். பிழைத்ததற்கு 10,000 யென். அடுத்த வருஷம் வைத்தியப் பரிசோதனை நடத்தி, ஏறக்குறைய எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோப்பு மூடப்பட்டது.

குழந்தைகள் வளர்ந்தார்கள். சிலருக்குப் பேச்சு வரவில்லை. சிலருக்குப் படிப்பு ஏறவில்லை. சிலருக்கு வலிப்பு. இதற்கும் குடித்த பாலுக்கும் சம்பந்தமுண்டா என்று பெற்றோர் கேட்ட இடத்திலெல்லாம், அது அப்போதே குணமாகிவிட்டதே என்ற பதில். தாய்மார் தங்களையே நொந்துகொண்டார்கள். என் கையாலேயே விஷம் ஊட்டினேனே என்று வருஷக்கணக்காக மனத்துக்குள் புழுங்கிய தாய்மார் அநேகம். தன் தவறே இல்லாத ஒன்றுக்குத் தாய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். சோதிக்க வேண்டியவன் வெளியே நடமாடுகிறான். இதைவிட அநியாயம் என்ன?

அந்த மௌனத்தை உடைத்தது பெரிய யந்திரம் எதுவும் அல்ல, தோழர்களே. நர்ஸ்களின் கால்கள்! ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருயாமா ஹிரோஷி என்ற பேராசிரியரோடு பொதுச் சுகாதார நர்ஸ்களும் பள்ளி நர்ஸ்களும் சேர்ந்து, அந்தப் பால் குடித்துப் பிழைத்த பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போனார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. 1969 அக்டோபரில், அதே ஒகயாமா நகரில் கூடிய பொதுச் சுகாதார மகாநாட்டில் அறிக்கையை வைத்தார்கள். 'பதினாலாம் ஆண்டின் விஜயம்' என்று அதற்குப் பெயர். நாடே குலுங்கிற்று.

கோர்ட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போன்ற சோதனைச்சாலைக்காரர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. 1963-ல் டொகுஷிமா ஜில்லா கோர்ட்டு தொழிற்சாலை அதிகாரிகளை விடுதலை செய்தது. நம்பகமான வியாபாரியிடம் வாங்கினார்கள், விஷம் இருக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும் என்பது வாதம். 1966-ல் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மறுவிசாரணை நடந்து 1973 நவம்பரில் தீர்ப்பு வந்தது: உற்பத்திப் பிரிவின் தலைவருக்கு மூன்று வருஷச் சிறை, தொழிற்சாலை மானேஜர் விடுதலை. அந்தத் தீர்ப்பின் சாரம் என்ன? உணவில் போடுகிற ரசாயனமானால், தரம் நிர்ணயிக்கப்பட்ட சரக்கையே கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் போடுவதற்கு முன் சோதிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்வது கடமை. 'நம்பினோம்' என்பது பதிலாகாது. இதைச் சொல்லக் கோர்ட்டுக்கு 18 வருஷம் பிடித்தது. சிறைக்குப் போனவர் ஒரு பிரிவின் தலைவர் மட்டும் என்பதையும் கவனித்துக் கொள்ளுங்கள்.

பெற்றோர் சங்கம் விடவில்லை. அந்தக் கம்பெனிச் சரக்கை வாங்காதீர்கள் என்ற இயக்கம் பரவியது. சிவில் வழக்குகளும் தொடுத்தார்கள். 1973 டிசம்பரில் பெற்றோர் சங்கம், கம்பெனி, சுகாதார மந்திரி இலாகா மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி 1974-ல் ஹிகாரி கியோகாய் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 'ஹிகாரி' என்றால் ஒளி. பாதிக்கப்பட்டவர்களின் வாழ்நாள் முழுவதற்கும் உதவுவது அதன் வேலை. 1955-ன் அந்தக் கைக்குழந்தைகளுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.

கோடியில் ஒரு பங்கு

அது ஜப்பானில், அந்தக் காலத்தில், ஒரு விபத்தில் நடந்தது. இப்போது அப்படி மூட்டை மூட்டையாக விஷம் கலக்குமா என்று கேட்பீர்கள். இப்போது பேசப்படுகிற ஆர்சனிக் அந்த அளவல்ல. அதைவிட மிக மிகக் குறைவு. ஆனால் தினந்தோறும் வருவது.

குழந்தைகளுக்கான அரிசிமாவுக் கஞ்சிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டில் வைத்த வரம்பு, ஒரு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். ஐரோப்பிய யூனியனில் 2016 முதல் குழந்தை உணவுக்கான அரிசிக்கும் இதே அளவு. நம் கணக்கில் சொன்னால் கோடியில் ஒரு பங்கு. பத்து டன் அரிசியில் ஒரு கிராம். லாரி நிறைய மூட்டை, அதில் ஒரு சிட்டிகை! இதற்கா இவ்வளவு கூப்பாடு என்று தோன்றும். ஆனால் குழந்தையின் உடல் எடையைக் கணக்கில் எடுங்கள். அமெரிக்கக் கணக்குப்படியே, உடல் எடையோடு ஒப்பிட்டால், கைக்குழந்தை உண்ணும் அரிசி பெரியவர்கள் உண்பதைப் போல மூன்று மடங்கு. மூளை வளர்கிற பருவம் வேறு. புற்றுநோய் உண்டாக்குவதாகச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட பொருள்களின் வரிசையில், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆர்சனிக்கை வைத்திருக்கிறது.

கோடியில் ஒரு பங்கை எப்படி அளப்பது? சுருக்கமாகச் சொல்கிறோம். மாவை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, மூடிய பாத்திரத்தில் நுண்ணலையால் சூடாக்கிக் கரைத்துவிடுவோம். தெளிந்த கரைசலைப் பனிபோலத் தூவி, பல்லாயிரம் டிகிரிச் சூட்டில் எரிகிற ஆர்கான் வாயுவின் பிழம்புக்குள் செலுத்துவோம். அங்கே எல்லாம் அணுவணுவாகப் பிரிந்து மின்னேற்றம் பெறும். பிறகு யந்திரம் அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணும். ஆர்சனிக்கின் எடை 75. இதில் ஓர் ஆள்மாறாட்டமும் உண்டு. ஆர்கானின் எடை 40. உப்பிலிருந்து வருகிற குளோரினின் எடை 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75! யந்திரம் அதையும் ஆர்சனிக் என்றே எண்ணிவிடும். அதைத் தடுக்க வழியில் ஹீலியம் வாயுவை வைத்து மோதவிட்டு வடிகட்டுவோம். தெரியாதவன் கையில் யந்திரம் இருந்தால் இல்லாத விஷத்தைக் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வெற்றுக் கரைசல் ஒன்றையும், ஆர்சனிக் அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்ட அரிசிமாவு ஒன்றையும் கூடவே சோதிக்கிறோம். தெரிந்த மாவில் தெரிந்த எண் வந்தால்தான் தெரியாத மாவின் எண்ணை நம்பலாம்.

மொத்த ஆர்சனிக்கை அளந்தாலும் வேலை முடியாது. கரிமச் சேர்க்கையாக இருக்கும் ஆர்சனிக் வேறு, கனிம வடிவில் இருப்பது வேறு. மீனிலும் இறாலிலும் பெரும்பாலும் இருப்பது தீங்கு குறைந்த கரிம ரகம். அரிசியில் இரண்டும் கலந்திருக்கும். பயப்பட வேண்டியது முக்கியமாகக் கனிம ரகம். ஆகையால் அவற்றை முதலில் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டு அப்புறம் எண்ண வேண்டும். இதற்குச் செலவு கூடும், நேரம் கூடும். செலவு என்றதும் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எங்கும் உள்ள வழக்கம்.

சரி, அரிசிக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு? மண்ணில் ஆர்சனிக் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. சாதாரண நிலத்தில் அது இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அடங்கிக் கிடக்கும். வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குக் காற்று போகாது, துரு கரையும், ஆர்சனிக் விடுபட்டு நீருக்கு வரும். நெற்பயிர் தன் தாளுக்கு உரம் சேர்க்க மணலின் சத்தான சிலிக்காவை உறிஞ்சுகிற ஜாதி. அந்த வாசல் வழியாகவே ஆர்சனிக்கும் நுழைந்துவிடுகிறது. 2008-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன விஞ்ஞானிகளில் ஒகயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதே ஒகயாமா!

இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் தென்பகுதியில் நெல் விளைகிற நிலங்களில் ஒரு பகுதி பழைய பருத்திக் காடு. பருத்திப் புழுவுக்கு அடித்த மருந்து கால்சியம் ஆர்சனேட். பருத்தி போய்விட்டது, மருந்து மண்ணில் நின்றுவிட்டது. வங்காளத்தில் இன்னொரு விதம். ஆழ்குழாய்க் கிணற்று நீரிலேயே ஆர்சனிக் இருக்கிறது. அதையே குடிக்கிறார்கள், அதையே வயலுக்கும் பாய்ச்சுகிறார்கள்.

பெட்டிக்குள் இருந்த எண்கள்

2019 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஒரு துணைக் கமிட்டி, குழந்தை உணவு விற்கும் ஏழு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் சோதனை முடிவுகளைக் காட்டுங்கள் என்று கேட்டது. கமிட்டியின் தலைவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. டில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு கம்பெனிகள் காகிதங்களைக் கொடுத்தன. மூன்று கம்பெனிகள், வால்மார்ட் உட்பட, அறிக்கை வெளிவரும் வரை கேட்டதைக் கொடுக்கவில்லை. 2021 பிப்ரவரி 4-ம் தேதி அறிக்கை வெளிவந்தது.

ஜப்பானில் சோதிக்கவே இல்லை. இங்கே சோதித்திருந்தார்கள்! அதுதான் வித்தியாசம். நர்ச்சர் என்ற கம்பெனி விற்பனைக்கு முன் சோதித்த சரக்குகளில் கால் பங்குக்கு மேல், கனிம ஆர்சனிக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 180 வரை காட்டிய சரக்கும் விற்பனைக்குப் போயிற்று. அப்படியானால் எதற்காகச் சோதித்தார்கள்? எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைப் போன்ற அவமானம் வேறில்லை. அளவைச் சரியாக அளந்து கொடுத்தான் ஒருவன். எண்ணைப் பார்த்தார்கள். பெட்டியில் வைத்தார்கள். சரக்கை அனுப்பினார்கள். அப்போது அது சட்டப்படி குற்றமும் அல்ல. 2016-ல் வரைவாக வந்த வரம்பு, முடிவான வடிவம் பெறவே நாலு வருஷம் ஆயிற்று. அதுவும் வழிகாட்டியே தவிரக் கட்டாயச் சட்டமல்ல.

ஹெய்ன் என்ற கம்பெனியின் காரியம் இன்னும் நுட்பமானது. அது பெரும்பாலும் மூலப் பொருள்களை மட்டும் சோதித்தது. அரிசிமாவில் இவ்வளவு, மற்றதில் இவ்வளவு என்று கூட்டி, கஞ்சிமாவில் இவ்வளவுதான் இருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டது. தயாரான மாவையே எடுத்துச் சோதித்தபோது, காகிதக் கணக்கைவிட 28 முதல் 93 சதவீதம் வரை கனிம ஆர்சனிக் அதிகமாக இருந்தது. சேர்க்கிற விட்டமின், தாதுக் கலவையிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதினார்கள். ஜப்பானில் பாஸ்பேட் உப்பு வந்த அதே கொல்லைப்புற வழி! இதைக் கம்பெனியே 2019 ஆகஸ்டில் உணவு மருந்து நிர்வாகத்தின் அதிகாரிகளிடம் எடுத்துக் காட்டியிருந்தது. மூடிய அறைக்குள் நடந்த கூட்டம் அது. வெளியே குழந்தைக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்த தாய்க்கு அது தெரியாது.

பீச்-நட் என்ற கம்பெனியும் தயாரான உணவைச் சோதிக்காமல் மூலப் பொருளை மட்டுமே சோதித்தது. அதில் சேர்க்கும் ஒரு நொதிப் பொருளில் மொத்த ஆர்சனிக் 900 மைக்ரோகிராமுக்கு மேலும் இருந்தது. பிறகு, அலாஸ்கா மாகாணத்தின் சர்க்கார் சோதனையில் அந்தக் கம்பெனியின் அரிசிமாவு வரம்பைத் தாண்டியது தெரிந்தது. 2021 ஜூனில் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். தனி அரிசிமாவு வியாபாரத்தையே விட்டுவிடுவதாகவும் அறிவித்தார்கள். கம்பெனிக்கு வெளியே இருந்து, கடைச் சரக்கை எடுத்துச் செய்த ஒரு சோதனை இதைச் சாதித்தது. கம்பெனிகள் எங்கள் சரக்கு அபாயமற்றது, மண்ணிலேயே ஆர்சனிக் உண்டே என்றன. மண்ணில் உண்டு என்பது உண்மை, அதையும் சொன்னோம். மண்ணில் இருப்பது தெரிந்துதானே சோதனை கேட்கிறோம்!

கலிபோர்னியா மாகாணத்தில் 2023-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 2024 ஜனவரி முதல், குழந்தைகளுக்கான உணவை விற்கும் கம்பெனி, தயாரான சரக்கின் மாதிரியை மாதம் ஒரு தடவையாவது ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் நான்குக்கும் சோதிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல், அந்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். புட்டிப்பால் மாவு இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அது ஒரு குறைதான். ஆனாலும் பெட்டிக்குள் கிடந்த எண் வெளியே வந்துவிட்டது. இந்தக் கோரிக்கையை நம் நாட்டிலும் எழுப்ப வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்: மூலப் பொருள் மட்டும் போதாது, தயாரான மாவைச் சோதிக்க வேண்டும், கம்பெனிச் சம்பளம் வாங்காத சோதனைச்சாலையும் சோதிக்க வேண்டும், எண் வெளியே வர வேண்டும்.

தாய்மார்கள் சிலர் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அரிசிக் கஞ்சியை நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அரிசி ஒன்றையே மூன்று வேளையும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். கேழ்வரகு, கம்பு போலத் தண்ணீர் கட்டாத நிலத்தில் விளைகிற தானியங்களில் இந்த விஷம் பொதுவாகக் குறைவு. பருப்பு, வாழைப்பழம், காய்கறி எல்லாம் மாறி மாறி இருக்கட்டும். கைக்குத்தல் அரிசி மேல் அல்லவா என்று ஒரு கேள்வி. சத்து அதில் அதிகம்தான். ஆனால் ஆர்சனிக்கும் தவிட்டில்தான் அதிகம் தங்குகிறது. தாய்ப்பாலைப் பற்றிப் பயமே வேண்டாம். வங்க தேசத்தில் ஆர்சனிக் நீரைக் குடித்த தாய்மாரைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலுக்குள் மிகச் சொற்பமே வந்தது. அதே நீரில் பால்மாவைக் கரைத்தால் நிலைமை தலைகீழ்.

நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சி வடிக்கிற நம் பழைய வழக்கம் இந்த விஷயத்தில் நல்லது. அரிசி ஒரு பங்குக்கு ஆறு முதல் பத்துப் பங்கு நீர் வைத்து வடித்தால், அரிசி ரகத்துக்குத் தக்கபடி கனிம ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் வரை போய்விடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கண்டிருக்கிறது. குக்கரில் வைத்தால் போக வழியில்லை. சத்துச் சேர்த்த அரிசியானால், சேர்த்த சத்தில் ஒரு பகுதியும் வடிநீரோடு போகும். அந்த நஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இன்னொன்று: சோற்றை நாம் வைத்துக்கொண்டு, வடித்த கஞ்சியைக் குழந்தைக்குப் புகட்டுகிற வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால், கழித்ததெல்லாம் குழந்தைக்கே போகும். வடிக்க ஊற்றுகிற நீரிலேயே ஆர்சனிக் இருந்தால், எவ்வளவு வடித்தும் பிரயோசனமில்லை.

கடையில் வாங்கிய மாவை நாங்களே சோதனைக்குக் கொடுக்கலாமா என்பது கடைசிச் சீட்டு. கொடுக்கலாம். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்குகிற எவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. கட்டணம் கட்டி, சர்க்கார் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை வாங்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை, வாங்குகிறபோதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். சரக்கு சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை சொன்னால், கட்டிய கட்டணம் திரும்ப வரும். தனி ஒரு தாய்க்குக் கட்டணம் சுமையாக இருந்தால், தெருவில் நாலு வீடு சேர்ந்து கொடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாவைக் கொட்டிய பிறகு டப்பாவை எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் அச்சிட்ட லாட் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். எங்களுக்கு மாவு ஒரு கைப்பிடி போதும். ஆனால் எந்த லாட் என்று தெரியாவிட்டால், கடையில் மீதி இருக்கிற டப்பாக்களில் எதைத் திரும்பப் பெறுவது என்று யாராலும் சொல்ல முடியாது.